கோழி அடையை விட்டு எழும்பவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் புரையிடத்தில் (வீட்டடி நிலத்தில்) சிறுவிடை நாட்டுக்கோழி, கிராமப்பிரியாக் கோழி, தாரா (வாத்து), ஒரு ஜோடி வான்கோழி எல்லாம் ஒரே முற்றத்தில் மேய்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல், திங்கள்சந்தை பக்கம் பத்து சென்ட் இடமுள்ள பல வீடுகளில் இதுதான் நடப்பு. ஒரே இனக் கோழி மட்டும் இருக்கும் வீட்டில் அடைக்கோழி ஒரு தொந்தரவே இல்லை. கலந்து வளர்க்கிற இடத்தில்தான் முட்டை மாறும், கணக்கு மாறும், சண்டை வரும்.

நான் பார்த்தவரை இதில் கோழியின் தப்பு குறைவு. அடை பிடித்த முதல் இரண்டு நாளில் நாம் ஒரு முடிவுக்கு வராமல் ‘பார்த்துக்கலாம்’ என்று விடுகிறோம், அதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. குஞ்சு வேண்டுமா, முட்டை வேண்டுமா? குஞ்சு வேண்டுமானால் அன்றைக்கே தனி இடம். முட்டை வேண்டுமானால் அன்றைக்கே அடை தெளிய வைக்கிற, அதாவது உட்காரும் ஆசையைக் கலைக்கிற வேலை. கீழே உள்ளதில் உங்கள் கோழிக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

பெட்டியிலேயே கிடக்கிறது, ஆனால் அடைதானா என்று தெரியவில்லை

திருநெல்வேலிக்காரர்கள் ‘அவயம்’ என்பார்கள், மலையாளத்தில் ‘பொருந்நக்கோழி’. பெயர் எதுவானாலும் அடையாளம் ஒன்றுதான். கையை நீட்டினால் இறகை விரித்து உடம்பைப் பெரிதாக்கிச் சீறும், கொத்தும். ‘க்ளக், க்ளக்’ என்று ஒரே சுரத்தில் சத்தம் வரும். வயிற்றுக்கு அடியில் கை வைத்தால் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, சுடச்சுட இருக்கும். நாளுக்கு ஒருமுறை இறங்கிப் பெரிய உருண்டையாக, மூக்கைப் பொத்த வைக்கும் எச்சம் போட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்காரும்.

இதில் எதுவும் இல்லாமல் சும்மா சுருண்டு கிடந்தால் அடை என்று விட்டுவிடாதீர்கள். கை நீட்டினாலும் எதிர்ப்பே காட்டாத கோழி நோய்க்கோழியாக இருக்கலாம். வாலை மேலும் கீழும் அசைத்து முக்கிக்கொண்டு, எழுப்பினால் நிமிர்ந்து தள்ளாடி நடக்கிறதா? முட்டை உள்ளே அடைத்திருக்கலாம். அது ஒரு நாள் தள்ளிப்போட முடியாத காரியம், உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற கோழிகள் சட்டத்தில் ஏறித் தூங்க, இது மட்டும் முட்டைப் பெட்டியில் இருந்தால் பெரும்பாலும் அடைதான்.

எந்தக் கோழி அடைக்கு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிறுவிடை வருடத்தில் பல தடவை அடைக்கு வரும். ஹைதராபாத் மத்திய கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, கேரளப் பக்கமிருந்து நம்மூருக்கு வருகிற கிராமஸ்ரீ போன்றவை நாட்டுக்கோழியைவிட நிறைய முட்டையிடும்படி உருவாக்கியவை. அவை அடையில் நிலைத்து இருப்பது அபூர்வம். கருங்கோழியான கடக்நாத்தும் அப்படியே. அவற்றின் முட்டையைச் சிறுவிடைக்குக் கீழே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும், ஆனால் அடை தெளியவில்லை

முதலில் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். மூக்கில் இறகைக் குத்திவிடுவது, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது, கிணற்றுத் தண்ணீர் வாளியில் முக்கி எடுப்பது. பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம், “மக்கா, ஒரு இறகு போதும், நாளைக்கே தெளிஞ்சிரும்” என்றார். தெளிந்தது போலத்தான் இருந்தது. வலி நின்ற பிறகு அது மறுபடியும் பெட்டிக்குப் போனது. ஆனி, ஆடிச் சாரல் நேரத்தில் நனைத்தால் தெளிவதற்கு முன் சளி பிடிக்கும்.

நடப்பது இதுதான்: அடைக்கோழியின் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறியிருக்கிறது. வயிற்றுக்கு அடியில் சூடும் இருட்டும் கூட்டின் மெத்தும் இருக்கிறவரை அது இறங்காது. ஆக வயிற்றுக்கு அடியில் காற்று ஓட வேண்டும், வெளிச்சம் பட வேண்டும், உட்கார வைக்கோல் இருக்கக்கூடாது. அடிப்பக்கம் கம்பிவலை போட்ட ஒரு கூண்டை நாலு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். குளச்சலில் மீன் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி பழசு கிடைத்தால் அதன் அடியை அறுத்து வலை கட்டினாலும் போதும். மற்ற கோழிகள் கண்ணில் படுகிற, நிழலான, வெளிச்சமுள்ள இடம் வேண்டும். தண்ணீரும் தீனியும் எப்போதும் இருக்க வேண்டும். பட்டினி போட்டால் அடை தெளியாது, முட்டையிடுவதுதான் தள்ளிப்போகும்.

மூன்று பகல், மூன்று ராத்திரி. நாலாம் நாள் காலையில் திறந்து விடுங்கள். மண்ணைக் கிளறப் போனால் தெளிந்தது. நேராகப் பெட்டியை நோக்கி நடந்தால் இன்னும் இரண்டு நாள் உள்ளே. ராத்திரி மட்டும் வெளியே எடுத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள், ‘பாவம்’ என்று. அந்தப் பாவத்தால்தான் ஐந்து நாளில் முடிய வேண்டியது இருபது நாள் இழுக்கிறது.

அடை பிடித்த முதல் நாளிலேயே கூண்டில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப முட்டையிடும். பத்து நாள் உட்கார விட்டு அப்புறம் கலைத்தால் அதைவிட நாளாகும்.

அடைமுட்டை நாளுக்கு நாள் கூடுகிறது

11 முட்டை வைத்தீர்கள், ஐந்தாம் நாள் எண்ணினால் 15. கலந்த மந்தையில் தவறாமல் வருகிற விஷயம் இது. மற்ற கோழிகளுக்கு அந்தப் பெட்டிதான் பழகிய இடம், அடைக்கோழியைத் தள்ளிவிட்டு அதிலேயே இட்டுவிட்டுப் போகும். அடைக்கோழியும் பக்கத்தில் கிடக்கிற முட்டையை அலகால் உருட்டித் தன் கீழே சேர்த்துக்கொள்ளும். நாள் மாறின முட்டைகள் சேர்ந்தால் பாதி பொரித்ததும் கோழி குஞ்சோடு எழும்பிவிடும், மீதி உள்ளுக்குள் குஞ்சு வளர்ந்த நிலையிலேயே செத்துவிடும்.

இப்போதே கூடியிருந்தால்: ராத்திரி டார்ச்சை இருட்டில் முட்டையின் அகன்ற முனையில் ஒட்டி வைத்துப் பாருங்கள். ஐந்து நாள் அடைபட்டதில் சிலந்தி போல ரத்த நாளம் தெரியும். புதிதில் வெறும் மஞ்சள் வெளிச்சம். புதிதை அடுக்களைக்கு எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சியதில் சுற்றிவர அடுப்புக்கரியால் கோடு போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் முட்டை புரண்டிருக்கும்போது தெரியாது. இனி தினம் சாயங்காலம் கோடில்லாத முட்டையை எடுத்துவிட வேண்டும்.

நிரந்தரத் தீர்வு தனி இடம்தான். விறகு வைக்கிற சாய்ப்பு, பழைய கடவம் (ஓலைக்கூடை), ஒரு மூலை. ஆனால் பகலில் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்தால் பத்து நிமிஷத்தில் பழைய பெட்டிக்கே ஓடும். நன்றாக இருட்டிய பிறகு மாற்ற வேண்டும். முதலில் மரமுட்டையோ, வேண்டாத இரண்டு முட்டையோ புதுக் கடவத்தில் போட்டு, கோழியை அதன்மேல் மெதுவாக இறக்கி, சாக்கால் மூடி ஒரு நாள் முழுதும் இருட்டாக வையுங்கள். மறுநாள் ராத்திரியும் நிலைத்திருந்தால் உண்மையான அடைமுட்டையை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே பெட்டியில் இரண்டு கோழி உட்கார்ந்திருக்கிறது

பார்க்க அழகு, முடிவு மோசம். ஒன்றையொன்று நெருக்கி முட்டை உடையும். ஒரு கோழியின் முட்டை பொரிக்கத் தொடங்கியதும் இரண்டும் குஞ்சுக்கு உரிமை கொண்டாடும். இடையில் மாட்டின குஞ்சு நசுங்கும். ஒன்றை அன்றைக்கு ராத்திரியே வேறு கடவத்துக்கு மாற்றுங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கும் அடை பிடிப்பது உண்டு. முட்டை குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே சிறுவிடைக்கு ஆசை வந்துவிடும். தினம் இரண்டு தடவை முட்டை எடுத்தால் இது குறையும்.

அடையை விட்டு இறங்கிப் போய்விட்டது

எவ்வளவு நேரம் என்று முதலில் பாருங்கள். நாளுக்கு ஒரு தடவை 15 முதல் 30 நிமிஷம் இறங்கித் தின்று, குடித்து, மண்ணில் புரண்டு வருவது சரியான அடைக்கோழி. அந்த நேரத்தில் முட்டை கொஞ்சம் ஆறுவதால் ஒன்றும் ஆகாது. சில மணி நேரம் ஆறிப்போனால்கூட உடனே தூக்கி எறியாதீர்கள். கோழியைத் திரும்ப உட்கார வைத்து, மூன்று நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

முழுவதுமாகக் கைவிட்டால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

பேன், அல்லது செள். கடவத்துக்குள் கையை விட்டால் கையெல்லாம் ஊரும். செள் பகலில் கடவத்தின் பின்னலில், சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்து ராத்திரி ரத்தம் குடிக்கும். கோழியின் கொண்டை வெளுத்திருக்கும். 21 நாளும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கிற ஜீவன் என்பதால் அதற்கு விருந்து. வைக்கோலை அப்படியே எடுத்து எரியுங்கள். கடவத்தை வெயிலில் போடுங்கள். முட்டையைப் புதுக் கடவத்தில், காய்ந்த வைக்கோலும் வேப்பிலையும் பரப்பி வையுங்கள். கோழி இறங்குகிற நேரத்தில் புரள சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்த குழி ஒன்று பக்கத்திலேயே வேண்டும். மழைக்காலத்தில் முற்றம் முழுக்கச் சேறாக இருக்கும்போது இது கிடைக்காமல்தான் பேன் பெருகுகிறது, சாய்ப்புக்கு உள்ளேயே ஒரு பழைய உருளியில் சாம்பல் வைத்தாலும் போதும். பேன்பொடி வேண்டுமானால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, சொன்ன அளவுக்கு மட்டும்.

பசி. சில கோழிகள் தின்னக்கூட எழும்பாது. ஒரு வாரத்தில் நெஞ்செலும்பு கையில் குத்தும். தினம் ஒரே நேரத்தில் நீங்களே தூக்கி இறக்கி, நெல்லோ மக்காச்சோளமோ வையுங்கள். தூக்கும்போது இறகிடுக்கில் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், கையை உள்ளே விட்டுப் பார்த்த பிறகே தூக்க வேண்டும்.

பயம். எலி, பாம்பு, இல்லையென்றால் நாய். இது கீழே தனியாக வருகிறது.

முட்டை குறைகிறது, உடைந்து கிடக்கிறது

முழு முட்டை தடயமே இல்லாமல் காணவில்லை என்றால் பெரும்பாலும் பாம்பு. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில், தென்னந்தோப்பில் கதம்பல் (தேங்காய் மட்டை) குவித்து வைத்திருக்கிற இடங்களில் சாரையும் நல்லபாம்பும் சகஜம். நல்லபாம்பும் முட்டை விழுங்கும் என்பதை நினைவில் வையுங்கள், இருட்டில் வெறும் கையை அடைக்கடவத்துக்குள் விடாதீர்கள். ஓடு துளைபட்டுக் கூட்டைச் சுற்றி ஈரமாக இருந்தால் எலி. கோழியையே கடித்துப் போட்டிருந்தால் கீரியோ மரநாயோ.

கண்ணி பெரிய கோழிவலை இதற்கு ஆகாது, பாம்பு உள்ளே வரும். அரை அங்குலக் கண்ணி உள்ள கம்பிவலை வேண்டும். அடியில் ஒரு சாண் மண்ணுக்குள் புதைய வேண்டும். பொரிக்கிற நாளில் இன்னொரு எதிரி எறும்பு. ஓட்டில் சின்ன ஓட்டை விழுந்ததும் ஈரவாசனைக்கு வந்து குஞ்சை உள்ளேயே அரித்துவிடும். கடவத்தை ஒரு ஸ்டூலில் வைத்து, நாலு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய சிரட்டை வையுங்கள். குஞ்சு வெளியே வந்ததும் தரைக்கு இறக்கிவிட மறக்கக்கூடாது.

ஏழாம் நாள் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை

எல்லா முட்டையும் தெளிவாக இருந்தால் சேவல் சேரவில்லை. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைக்கு மேல் வேண்டாம். சேவலை விற்று இரண்டு வாரம் தாண்டிய முட்டை என்றால் அதை நம்பி அடை வைக்காதீர்கள். பெருவிடைச் சேவலும் சின்னப் பெட்டையும் ஜோடி சேரும்போது உயரம் ஒத்துவராமலும் இப்படி ஆகும். கலந்த மந்தையில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

உள்ளே ஒரு ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் குஞ்சு தொடங்கிச் செத்திருக்கிறது. இதற்குக் காரணம் பழைய முட்டை, பைக்கில் குலுங்கி வந்த முட்டை, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வெயில் படும் ஜன்னலில் வைத்த முட்டை. அடைக்கு வைப்பது ஏழு நாளுக்கு உட்பட்டதாக இருக்கட்டும். சித்திரை வைகாசி வெப்பத்தில் அதைவிடக் குறைவு. மண்பானையில் ஈர மணல்மேல் துணி போட்டு, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் நம்மூர் வெப்பத்துக்குத் தாங்கும். கழுவக்கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய் உள்ளே கிருமி நுழையும்.

இடி இடித்தால் கூமுட்டை ஆகும் என்று கடவத்தில் இரும்பாணியும் கரித்துண்டும் போடுவார்கள். எங்கள் வீட்டிலும் போடுவோம், அம்மாவிடம் யார் வாதாடுவது? ஆனால் ஐப்பசி இடிமழையில் முட்டை கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஓடு ஒழுகி வைக்கோல் நனைவது. ஆணியோடு சேர்த்து ஒரு தார்ப்பாயையும் கட்டிவிடுங்கள்.

பாதி பொரித்தது, மீதி அப்படியே இருக்கிறது

எனக்கு நேர்ந்தது. ஒரு சிறுவிடைக்குக் கீழே எட்டுக் கோழி முட்டையும் நாலு தாரா முட்டையும் ஒரே நாளில் வைத்தேன். இருபத்தொன்றாம் நாள் ஏழு குஞ்சு வந்தது. மறுநாள் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிவிட்டது. தாரா முட்டைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நாலும் உள்ளே உயிரோடு இருந்தது டார்ச்சில் தெரிந்தும் அந்த ராத்திரி என்ன செய்வது என்று தெரியவில்லை. நாலும் போயிற்று.

கோழிக்கு 21 நாள். தாராவுக்கும் வான்கோழிக்கும் 28. கினிக்கோழிக்கு 26 முதல் 28. மணிலா வாத்துக்கு 35. கலந்துதான் வைக்க வேண்டும் என்றால் தாரா முட்டையை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேருங்கள். காலண்டரில் இரண்டு தேதியையும் எழுதி ஒட்டுங்கள். மறந்துவிட்டுப் பாதியில் மாட்டிக்கொண்டால் பொரித்த குஞ்சுகளை உடனே எடுத்து ஒரு அட்டைப் பெட்டியில் குண்டு பல்பு வெளிச்சத்தில் வளருங்கள். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். குஞ்சின் சத்தம் காதில் விழாத தூரத்தில் பெட்டி இருந்தால் கோழி மீதி முட்டையில் நிலைத்து இருக்கும். இன்னொரு அடைக்கோழி இருந்தால் மீதி முட்டையை அதன் கீழே ராத்திரி மாற்றுவது இதைவிட நல்லது.

தாரா முட்டை பெரிது, சிறுவிடையால் சரியாகப் புரட்ட முடியாது. நாலைந்துக்கு மேல் வைக்காதீர்கள். கோழி தின்ன இறங்கும்போது நீங்களே ஒருமுறை திருப்பிவிடுங்கள். கடைசி வாரம் வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். தாரா முட்டைக்கு ஈரம் கூடுதலாக வேண்டும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் கோழி முட்டைக்கே இது தேவைப்படும். காற்று நேராக அடிக்கிற சாய்ப்பில் குஞ்சு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நின்றுவிடும். கடவத்தைக் காற்று மறைவுக்கு மாற்றுவதே முதல் மருந்து.

ஓட்டை விழுந்து வெகுநேரம் ஆகியும் குஞ்சு வரவில்லையே என்று முட்டையோட்டை உரிக்காதீர்கள். ஒரு நாள் முழுதும் எடுத்துக்கொள்ளும் குஞ்சுகள் உண்டு. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் வரும்.

பொரித்த குஞ்சைத் தாயே கொத்துகிறது

முதல் தடவை அடை இருக்கிற கோழியிடம் இது வரும். முதல் குஞ்சு அசைந்ததும் திகைத்துப்போகும். குஞ்சை எடுத்துச் சூடாக வைத்திருந்து, மற்றதும் பொரிந்தபின் ராத்திரி இருட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கீழே விடுங்கள். விடியும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். அப்போதும் கொத்தினால் அந்தக் கோழிக்குத் தாய்மை வரவில்லை, பிரித்துவிடுங்கள்.

விலைக்கு வாங்கிய குஞ்சை அடைக்கோழியிடம் சேர்க்கும் கதையும் இதேதான். கோழி குறைந்தது ஒரு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும், குஞ்சு ஒரு நாள் இரண்டு நாள் வயதுக்குள் இருக்க வேண்டும். வாரம் கடந்த குஞ்சு கோழியைத் தாயாக நினைக்காது, கோழியும் அதை விரட்டும்.

தாய் சரியாக இருந்தும் மற்ற பறவைகள் கொத்துவதுதான் கலந்த மந்தையில் பெரிய சேதம். கிராமப்பிரியா கூட்டமாக வந்து தீனிக்குத் தள்ளும், வான்கோழி மிதித்துவிடும். முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சையும் வலைக்குள் வையுங்கள், மற்றவை வெளியே இருந்து பார்த்துப் பழகட்டும். பொடியரிசியும் குஞ்சுத் தீனியும் தாய்க்கும் குஞ்சுக்கும் மட்டும். தண்ணீர்ப் பாத்திரத்தில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு விழுந்து சாகும். ஏழாம் நாள் கோழிக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்தைத் தவறவிடக்கூடாது. தாயிடம் வளர்கிற குஞ்சுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் கழிச்சல் வந்த வருடம் மந்தையையே இழந்தவர்கள்.

வான்கோழிக் குஞ்சைக் கோழிக்குக் கீழே பொரிக்க வைத்தால் அதைக் கோழிகள் மேயும் மண்ணில் விடாதீர்கள். கோழியின் குடல்புழு வழியாக ஒரு நோய்க்கிருமி வரும். கோழி தாங்கிக்கொள்ளும், வான்கோழிக் குஞ்சு ஈரல் கெட்டுச் செத்துப்போகும்.

தாராக்குஞ்சு குளத்தில், கோழி கரையில் கத்துகிறது

இதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கோழி வளர்த்த தாராக்குஞ்சுக்குத் தாய்த்தாராவிடமிருந்து இறகில் ஒட்டும் எண்ணெய் கிடைத்திருக்காது, முதல் வாரங்களில் நனைந்தால் விறைத்துப்போகும். மூன்று நாலு வாரம் வரை குளத்துப் பக்கம் விடாமல், தலை முங்கும் அளவு தண்ணீர் உள்ள தட்டு மட்டும் வைத்தால் போதும். கோழி ஓரிரு மாதத்தில் தானே குஞ்சுகளைக் கொத்தி விலக்கிவிட்டுச் சேவலோடு திரியத் தொடங்கும். அப்போது பழைய கடவத்தை வெயிலில் போட்டுவிடுங்கள். அதையேதான் முட்டையிடத் தேடி வரும்.